உழைச்செல்வான் கடன்: முதியோர் இல்லங்களில் மருந்தளித்தல்

முன்னுரை

திருக்குறளின் பொருட்பாலில் 95ஆம் அதிகாரமாக அமைந்திருப்பது ‘மருந்து’ என்பதாகும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் வைத்திருப்பது ‘உழைச்செல்வான்’ என்பானை. நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைக் காலமும் அளவும் பிழையாமல் அளிப்பவன் என்பது அச்சொல்லின் பொருள். அவனுக்கு நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை ஆகிய நான்கும் வேண்டும் என்பது பரிமேலழகர் உரையால் பெறப்படும் கருத்து.

மருத்துவனையும் மருந்தையும் போற்றும் நாம் இந்த நான்காமவனை மறந்துவிடுகிறோம். முன்பு அந்த இடத்தை மகளோ மருமகளோ பேரனோ வகித்தனர். ‘அந்தி சந்தி’ என்று காலம் சொல்லி, தேனிலோ வெந்நீரிலோ அனுபானம் பார்த்து, பத்தியம் காத்து மருந்து கொடுத்த கைகள் அவை. இன்று முதியோர் பலர் இல்லங்களில் வாழ்கின்றனர். அங்கே உழைச்செல்வான் என்பவர் ஊதியத்திற்குப் பணிபுரியும் ஒரு பெண்மணி; அவர் பொறுப்பில் இருபது முப்பது முதியவர்கள் இருப்பர். அவர்தம் பணி எத்துணை நுட்பமானது, அதில் பிழை எங்ஙனம் நுழைகிறது, அதனைத் தடுக்கும் வழிகள் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் பொருட்டு நம் துறை மாணவியருடன் ஒரு முதியோர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி கஞ்சியையும் விழுங்க இயலாமல் படுத்திருந்தார். வாய் முழுவதும் புண். உடற்சூடு என்று கருதிய பணிப்பெண் மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருந்தார். மூட்டுவாதத்திற்காகப் பத்து நாள்களுக்கு முன் மருத்துவர் புதிதாக எழுதித் தந்த சிறிய மஞ்சள் மாத்திரையையும் நாள் தவறாமல் கொடுத்து வந்தார்.

உடன் வந்த மாணவி ஒருத்தி அந்த அட்டையை எடுத்துப் பார்த்துத் திடுக்கிட்டாள். “இது எங்கம்மா சாப்பிடுற மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுவாங்க” என்றாள். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். வாரம் ஒருமுறை என்பது ஆங்கிலத்தில், நெருக்கமான கையெழுத்தில், ஓரத்தில் இருந்தது. அம்மருந்து மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்திற்கு அதனை வாரத்திற்கு ஒருநாள் மட்டுமே கொடுத்தல் வேண்டும். நாள்தோறும் கொடுத்தால் புதிய அணுக்கள் தோன்றுவதை அது தடுத்துவிடும். வாயில் புண் உண்டாகும். எலும்பு மச்சை நலிந்து இரத்த வெள்ளணுக்கள் குறையும். உயிருக்கே இறுதியாகவும் கூடும்.

அன்று மாலையே மூதாட்டி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று வாரங்களுக்குப் பின் பிழைத்துத் திரும்பினார். ஆனால் அந்தப் பணிப்பெண் அழுதுகொண்டே கேட்ட கேள்வி இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. “மாத்திரைன்னா தினமும் கொடுக்கிறதுதானே ஐயா? வாரத்துக்கு ஒண்ணுன்னு யாரும் எனக்குச் சொல்லலையே!”

அவரிடம் அன்பு இருந்தது, தூய்மை இருந்தது, சொல்லியதைச் செய்யும் வன்மையும் இருந்தது. அறிவைத்தான் எவரும் அவருக்கு வழங்கவில்லை. சீட்டு எழுதியவர், மருந்து கொடுத்த கடைக்காரர், வாங்கி வந்த மேலாளர் ஆகிய மூவரையும் கடந்து வந்த பிழை இறுதியில் அவர் கையில் வெளிப்பட்டது. கடைசிக் கையைக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஆனால் அதனால் அடுத்த பிழை தடுக்கப்படுவதில்லை.

இங்கிலாந்து ஆய்வு உணர்த்துவது

இத்தகைய பிழைகள் கல்வியறிவும் வசதியும் குறைந்த இடங்களில் மட்டுமே நேரும் என்று எண்ணுதல் தவறு. முதியோர் இல்லங்களுக்கென்று விரிவான விதிகளையும் கண்காணிப்பையும் வகுத்துக்கொண்ட நாடு இங்கிலாந்து. அங்கே 55 இல்லங்களில் வாழ்ந்த 256 முதியவர்களைத் தேர்ந்து அவர்தம் மருந்துகளை ஆய்ந்த ஓர் ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. சராசரியாக ஒவ்வொருவரும் எட்டு மருந்துகள் உட்கொண்டு வந்தனர். அவர்களுள் 178 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேருக்கு, குறைந்தது ஒரு மருந்துப் பிழையேனும் நேர்ந்திருந்தது.

இங்கே ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பிழைகள் யாவும் மருந்தைக் கையில் கொடுத்தவருடையவை அல்ல. மருத்துவர் எழுதுவதில் பிழை, மருந்தாளுநர் எடுத்துத் தருவதில் பிழை, கொடுப்பதில் பிழை, இரத்தச் சோதனை முதலியவற்றால் மருந்தின் விளைவைக் கண்காணிப்பதில் பிழை என நான்கு நிலைகளிலும் அவை காணப்பட்டன. பெரும்பாலானவை சிறு தீங்கே விளைக்கத் தக்கவை என்பது ஆறுதல். எனினும் கண்காணிப்பில் நேர்ந்த பிழைகளே மிகுந்த தீங்கிற்கு இடமளிப்பன என்று மதிப்பிடப்பட்டது. பணிப்பளு, மருந்து கொடுக்கும்போதே நேரும் இடையூறுகள், பயிற்சிக் குறைவு, மருத்துவருக்கும் இல்லத்திற்கும் மருந்தகத்திற்கும் இடையே செய்தித் தொடர்பின்மை ஆகியன காரணங்களாக அறியப்பட்டன.

இதன்பின் 2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இங்கிலாந்தின் ‘நைஸ்’ என்னும் நிறுவனம் இல்லங்களில் மருந்துகளைக் கையாள்வதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் ‘தீங்கில்லா மருந்தளிப்பு’ என்பதனைத் தன் மூன்றாவது உலகளாவிய நோயாளர் பாதுகாப்பு அறைகூவலாக அறிவித்தது. உழைச்செல்வான் கடன் இன்று உலகப் பொருளாகிவிட்டது என்பது இவற்றால் விளங்கும்.

முதுமையும் மருந்தும்

இளைஞருக்கு நேரும் மருந்துப் பிழையினும் முதியவருக்கு நேரும் பிழை கொடிதாவது ஏன்? முதுமையில் சிறுநீரகத்தின் கழிவகற்றும் ஆற்றல் குறைகிறது. ஆகவே மருந்து உடலிலிருந்து விரைவில் நீங்குவதில்லை. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு மிகுகிறது. கொழுப்பில் தங்கும் டயஸிபாம் போன்ற உறக்க மருந்து நாள்கணக்கில் உள்ளே தங்கிவிடுகிறது. இரவில் கொடுத்த மாத்திரையின் மயக்கம் மறுநாள் காலையிலும் தெளியாமல், குளியலறைக்குச் செல்லும் வழியில் முதியவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. விழுந்ததற்கு முதுமையைக் காரணம் காட்டுகிறோம்; மாத்திரையை எவரும் ஐயுறுவதில்லை.

சளிக்கும் அரிப்புக்கும் கடையில் எளிதாகக் கிடைக்கும் குளோர்பெனிரமைன் போன்ற மாத்திரையும் முதியவருக்கு மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை ஆகியவற்றை உண்டாக்கக் கூடியது. முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியல் ஒன்றனை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் என்பார் தம் குழுவினருடன் 1991இல் வகுத்தார். அஃது முதலில் முதியோர் மருத்துவ இல்லங்களில் வாழ்வோரை முன்னிட்டே தொகுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அவர் பெயராலேயே வழங்கும் அப்பட்டியல் பன்முறை திருத்தப்பெற்று இன்றும் பயன்பட்டு வருகிறது.

ஆறு செவ்விகள்

மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் உழைச்செல்வான் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் ஆறு. உரிய ஆள்தானா? உரிய மருந்துதானா? உரிய அளவா? உரிய வழியா? உரிய நேரமா? மறுக்கும் உரிமையை முதியவருக்கு அளித்தோமா? மேலே கூறிய இங்கிலாந்து நெறிமுறையிலும் இவ்வாறுமே இடம்பெற்றுள்ளன. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உரிய ஆளை அறிதல் எளிதெனத் தோன்றும். ஆனால் ஓர் இல்லத்தில் இரண்டு பாத்திமா பீவிகளும் மூன்று இலட்சுமி அம்மாள்களும் இருத்தல் இயல்பே. “நீங்கதானே பாத்திமா பீவி?” என்று கேட்டால் செவிப்புலன் குன்றியவர் எதற்கும் தலையசைப்பார். “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்பதே முறை. பெயர் சொல்ல இயலாதவர் பொருட்டுப் பதிவேட்டில் ஒளிப்படம் ஒட்டி வைத்தல் வேண்டும். பணிக்குப் புதிதாக வந்தவருக்கு இவ்வொளிப்படமே வழிகாட்டி.

உரிய மருந்து என்பதில் இரு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, ஒலியால் ஒத்த வணிகப் பெயர்கள். மற்றொன்று, ஒரே மருந்து இரு பெயர்களில் வருதல். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும், சளிக்கு வேறு பெயருடைய மற்றொரு மாத்திரையும் கொடுக்கிறோம். இரண்டாவதிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதை அறியாமல் அளவை மிகுவித்துவிடுகிறோம். ஆதலின் அட்டையின் மேலுள்ள பெரிய வணிகப் பெயரை மட்டுமன்றி அதன்கீழுள்ள மருந்தின் பொதுப்பெயரையும் படித்தல் வேண்டும்.

உரிய அளவில் ஒரு புள்ளியும் உயிரைக் காக்கும். ‘.5’ என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும், ‘5.0’ என்றால் 50 ஆகிவிடும். முன்னதை 0.5 எனவும் பின்னதை வெறும் 5 எனவும் எழுதுதலே பாதுகாப்பு. உரிய வழி என்பது வாய்வழி, தோல்வழி, கண்வழி, ஊசிவழி என்பவற்றைப் பிரித்தறிதல். காதுச் சொட்டு மருந்தைக் கண்ணில் இட்டுவிடும் பிழை, ஒத்த தோற்றமுடைய சிறு குப்பிகளால் நேர்வது.

உரிய நேரம் என்பது காலை, மாலை என்னும் பொதுக் குறிப்பன்று. தைராய்டு குறைபாட்டிற்குரிய லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாகக் கொடுத்தல் வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் இடையே நான்கு மணி நேரமேனும் இருத்தல் நன்று. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்குரிய லெவோடோபா சற்றுத் தாமதித்தாலும் முதியவர் எழவோ விழுங்கவோ இயலாதவாறு உடல் விறைத்துப்போவார். எல்லார்க்கும் ஒரே மணியில் வரிசையாகக் கொடுத்து முடித்தல் பணியாளருக்கு எளிது, நோயாளிக்கு நலமன்று.

பதிவேடு

வாயால் சொன்னது காற்றோடு போகும். இல்லத்தில் ஒவ்வொரு முதியவருக்கும் தனிப் பதிவேடு வேண்டும். அதில் பெயர், வயது, ஒவ்வாத மருந்துகள், தற்போது உட்கொள்ளும் மருந்துகள், அவற்றின் அளவு, நேரம், தொடங்கிய நாள், நிறுத்தும் நாள் ஆகியன இடம்பெறுதல் வேண்டும். மருந்தை எடுத்தவரே கொடுக்க வேண்டும். கொடுத்தவரே கையொப்பமிட வேண்டும். விழுங்கியதைக் கண்ணால் கண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். முன்னதாகவே ஒப்பமிட்டு வைப்பதும், மாலையில் மொத்தமாக ஒப்பமிடுவதும் பதிவேட்டைப் பொய்யேடாக்கும்.

நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு எல்லார் மாத்திரைகளையும் முன்கூட்டியே பிரித்துச் சிறு கிண்ணங்களில் இட்டுத் தட்டில் அடுக்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தட்டு சற்றுச் சாய்ந்தாலும், ஒரு கிண்ணம் இடம் மாறினாலும் எந்த மாத்திரை எவருடையது என்று இறைவனே அறிவான். அட்டையிலிருந்து பிரிந்த மாத்திரைக்குப் பெயருமில்லை, காலாவதி நாளுமில்லை. ஆதலின் ஒருவருக்குக் கொடுத்துப் பதிந்த பின்னரே அடுத்தவருடைய மருந்தை எடுத்தல் வேண்டும். அந்நேரத்தில் அவரைத் தொலைபேசிக்கோ அடுக்களைக்கோ அழைத்தலாகாது. மருந்து கொடுக்கையில் இடைமறிக்க வேண்டா என்னும் எழுத்துப் பொறித்த மேலங்கியை அணிந்து பணிபுரியும் வழக்கம் இங்கிலாந்தில் சில இடங்களில் உண்டு.

சீட்டின் மொழி

தமிழ்த்துறையினராகிய நமக்கு இதில் தனிக் கடமை ஒன்றுண்டு. மருந்துச் சீட்டில் ‘ஓ.டி.’ எனில் நாளுக்கு ஒருமுறை, ‘பி.டி.’ எனில் இருமுறை, ‘டி.டி.எஸ்.’ எனில் மும்முறை, ‘எச்.எஸ்.’ எனில் உறங்கும் வேளையில், ‘எஸ்.ஓ.எஸ்.’ எனில் தேவைப்பட்டால் மட்டும். இவை இலத்தீன் தொடர்களின் முதலெழுத்துகள். நம் மருத்துவர்கள் பெரிதும் எழுதும் 1-0-1 என்பது காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று என்று பொருள்படும். உணவுக்கு முன்னா பின்னா என்பதை அவ்வெண்கள் சொல்வதில்லை.

எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பணிப்பெண்ணின் கையில் இந்தக் குறியீடுகளைக் கொடுத்துவிட்டு, அவர் பிழை செய்தார் என்று பழிப்பது அறமாகுமா? ‘தேவைப்பட்டால்’ என்று எழுதுவதும் போதாது. எந்த அறிகுறிக்கு, எவ்வளவு, எத்தனை மணி இடைவெளியில், ஒருநாளில் மிகுதியாக எத்தனை முறை என்பன விளங்க வேண்டும். சான்றாக, “வலி இருந்தால் ஒரு மாத்திரை, அடுத்ததற்கு ஆறு மணி நேரம் கழிய வேண்டும், ஒருநாளில் மூன்றுக்கு மேல் கூடாது” என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டால் ஐயத்திற்கு இடமில்லை. வாரம் ஒருமுறைக்குரிய மருந்தாயின் “திங்கட்கிழமை மட்டும்” என்று கிழமையின் பெயரை முழுமையாக எழுதி, ஏனைய ஆறு நாள்களின் கட்டங்களிலும் குறுக்குக்கோடு இட்டுவிட வேண்டும்.

தனிக் கவனம் வேண்டும் மருந்துகள்

இன்சுலின் இவற்றுள் முதன்மையானது. நம் நாட்டில் குப்பிகளில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது; 100 அலகு கொண்டதும் உண்டு. இரண்டிற்கும் ஊசிக்குழல்கள் வெவ்வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலால் எடுத்துப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். குப்பியின் எண்ணும் குழலின் எண்ணும் ஒன்றாதலை ஒவ்வொரு முறையும் காணல் வேண்டும். உணவுக்கு முன் போடும் இன்சுலினைப் போட்டுவிட்டு, முதியவர் உண்ண மறுத்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரும். ஆதலின் உணவு ஆயத்தமாக இருப்பதையும், உண்ணும் நிலையில் அவர் இருப்பதையும் உறுதி செய்த பின்னரே ஊசியை எடுக்க வேண்டும். திறவாத குப்பிகளைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்தல் வேண்டும்; உறைபனி அறையில் வைத்தலாகாது.

இரத்தம் உறையாமல் காக்கும் வார்பரினுக்கு இரத்தச் சோதனையே அளவுகோல். சோதனை நாளைத் தவறவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்தல், கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதனை ஒக்கும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை தரும் அலென்ட்ரோனேட்டை விடியலில் ஒரு குவளை வெறுந்நீருடன் கொடுத்து, அரைமணி நேரம் படுக்கவிடாமல் நிமிர்ந்திருக்கச் செய்தல் வேண்டும். இன்றேல் உணவுக்குழல் புண்ணாகும். வலிக்குரிய ஃபென்டனில் ஒட்டுப்பட்டையைப் புதிதாக ஒட்டுமுன் பழையதை நீக்கியாக வேண்டும். முதுகில் ஒட்டிய பழைய பட்டை மறக்கப்பட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை ஒடுக்கிவிடும்.

விழுங்க இயலாதவருக்காக மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது. ஆனால் மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்யுமாறு அமைந்த மாத்திரையைப் பொடித்தால், ஒருநாள் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் கலந்துவிடும். எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கலாகாது, நீர்வடிவில் கிடைப்பது எது என்பதை மருந்தாளுநரிடம் கேட்டறிதல் வேண்டும். கேட்பது இழுக்கன்று, கேளாமையே இழுக்கு. உறவினர் அன்பினால் கொண்டுவந்து தரும் சூரணம், இலேகியம் முதலியவற்றையும் பதிவேட்டில் குறித்து மருத்துவருக்குத் தெரிவித்தல் நன்று. அவையும் மருந்தே, மருந்தோடு மருந்து மாறுபடுதல் கூடும்.

மறுப்பும் மறைப்பும்

மருந்து வேண்டா என்று சொல்ல, அறிவுத் தெளிவுள்ள எந்த முதியவருக்கும் உரிமை உண்டு. மறுப்பைப் பிடிவாதம் என்று கொள்ளாமல் காரணம் வினவுதல் வேண்டும். கசப்பு, விழுங்குவதில் அச்சம், வயிற்றுப் புரட்டல், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருத்தல் என ஏதேனும் ஒன்று இருக்கும். சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்கலாம். அப்போதும் மறுத்தால் அதனைப் பதிந்து மருத்துவருக்கு அறிவித்தலே முறை. கையைப் பிடித்து வாயில் திணித்தல் மருந்தளித்தலன்று, வன்செயல்.

நினைவிழந்தவர்க்கு மருந்தைச் சோற்றிலோ பாயசத்திலோ மறைத்துக் கொடுப்பது மற்றொரு சிக்கல். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின் வழி இதற்கு வரம்பு உண்டு. முதியவர் தம் நலத்தைத் தாமே முடிவு செய்யும் திறன் இழந்துள்ளார் என்பது முதலில் மதிப்பிடப்பட வேண்டும். பின்னர் மருத்துவர், மருந்தாளுநர், இல்லத்தார், குடும்பத்தார் கூடிப் பேசி, அது அவர் நலத்திற்கே என்று முடிவு செய்து எழுதி வைத்தல் வேண்டும். ஒரு பணியாளர் தாமே முடிவெடுத்தல் ஆகாது. உணவில் மருந்தின் சுவையை உணர்ந்துவிட்ட முதியவர் உணவையே வெறுத்துவிடுவார் என்பதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதனினும் வருந்தத்தக்கது, அமைதியின் பொருட்டு முதியவரை மயக்கத்தில் ஆழ்த்துவது. இரவில் கூவுகிறார், அலைகிறார் என்று மனநோய்க்குரிய வலிய மருந்துகளை மறதிநோயாளர்க்குக் கொடுக்கும் வழக்கம் பிரித்தானியாவில் பரவியிருந்தது. 2009இல் அரசின் வேண்டுகோளின்படி பேராசிரியர் சுபே பானர்ஜி அளித்த அறிக்கை, ஏறத்தாழ 1,80,000 மறதிநோயாளர் இம்மருந்துகளைப் பெறுகின்றனர் என்றும், அவர்களுள் 36,000 பேரளவிலேயே பயனடையக்கூடும் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மரணங்கள் இவற்றால் மிகுதியாக நேர்கின்றன என்றும் மதிப்பிட்டது. கூவும் முதியவருக்கு வலி இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், தனிமை இருக்கலாம். அவற்றை ஆராயாமல் மாத்திரையால் வாயடைத்தல் இல்லத்தை அமைதியாக்கும், முதியவரை நடைப்பிணமாக்கும்.

நோன்பும் விரதமும்

ரமலான் திங்களில் வாழ்நாள் முழுவதும் நோன்பு நோற்றுப் பழகிய முதியவர் இல்லத்திலும் நோன்பிருக்க விழைவது இயல்பு. அவ்விழைவை மதித்தல் வேண்டும். அதேவேளை, நண்பகல் மாத்திரையைச் சஹர் நேரத்திற்குத் தள்ளியோ, நோன்பு திறக்கும் வேளையில் இரு வேளை மாத்திரைகளைச் சேர்த்தோ கொடுக்கப் பணியாளருக்கு உரிமையில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்துண்போர் திங்கள் பிறக்கும் முன்னரே மருத்துவரைக் கண்டு, நோற்கலாமா என்பதையும், நோற்கலாமெனில் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதி வாங்குதல் வேண்டும். நோயுற்றோர்க்கு நோன்பினின்றும் விலக்கு மார்க்கத்திலேயே உண்டு என்பதை அன்போடு எடுத்துரைத்தல் இல்லத்தார் கடமை. ஏகாதசி, கார்த்திகை முதலிய விரதம் காப்போர்க்கும் இவ்விதி பொருந்தும்.

பிழை நேர்ந்தால்

எத்துணைக் கவனம் இருப்பினும் மனிதன் கையில் பிழை நேரும். நேர்ந்தவுடன் செய்ய வேண்டியன மூன்று. முதலாவது, முதியவரின் நிலையைக் கண்டு உடனே மருத்துவருக்கு அறிவித்தல். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருப்பின் 108 ஊர்தியை அழைத்தல். இரண்டாவது, எம்மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை மறையாமல் கூறி, மருந்தட்டையையும் பதிவேட்டையும் உடன் அனுப்புதல். மூன்றாவது, பிழை எவ்வாறு நேர்ந்தது என்று அனைவரும் கூடி ஆராய்தல்.

இம்மூன்றும் நிகழ வேண்டுமாயின், பிழையைச் சொன்னவர் வேலையை இழக்கமாட்டார் என்னும் நம்பிக்கை வேண்டும். தண்டனைக்கு அஞ்சி மறைத்த பிழை முதியவரின் உடலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒப்புக்கொண்ட பிழையோ பத்துப் பேருக்குப் பாடமாகும்.

நம் நாட்டுச் சட்டம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் வறிய மூத்த குடிமக்கள் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைத்தல் குறித்து அது பேசுகிறது. இடமும் உணவும் உடையும் கொடுப்பதோடு அறம் முடிந்துவிடுவதில்லை. இல்லம் நடத்துவோர், பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் மருந்தளிக்கும் பயிற்சி தருதலையும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு முதியவரின் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் ஒருங்கே காட்டித் தேவையற்றவற்றை நீக்கச் செய்தலையும் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரு மருத்துவர் தொடங்கியதை மற்றொருவர் நிறுத்தத் தயங்குவதால் மருந்துகள் கூடிக்கொண்டே செல்கின்றன. கூட்டுவதைப் போலவே குறைப்பதும் மருத்துவமே.

முடிவுரை

நாம் கண்ட இல்லத்திற்கு மீண்டும் வருவோம். நம் மாணவியர் அங்கே சென்று, மருத்துவர் ஒருவரும் மருந்தாளுநர் ஒருவரும் உடனிருந்து சரிபார்க்க, ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பதிவேட்டைக் கோடிட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தனர். மருந்தின் பெயர், எதற்காக, எப்போது, எவ்வளவு, உணவுக்கு முன்னா பின்னா, எந்த அறிகுறி கண்டால் நிறுத்திக் கேட்க வேண்டும் என ஆறு கட்டங்கள். அவ்வளவே. அதற்குச் செலவு சில குறிப்பேடுகளும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும்தாம்.

அடுத்த முறை சென்றபோது அந்தப் பணிப்பெண் அப்பதிவேட்டைத் திறந்து காட்டினார். மூதாட்டியின் பக்கத்தில் ஏழு கட்டங்களுள் ஆறில் அவர் கையாலேயே சிவப்பு மையில் குறுக்குக்கோடு இட்டிருந்தார். “இப்ப யாரு புது மாத்திரை கொண்டு வந்தாலும், தினமுமா வாரத்துக்கா, சொல்லிட்டுப் போங்கன்னு கேட்டுத்தான் ஐயா வாங்குறேன்” என்றார். அன்பும் தூய்மையும் வன்மையும் முன்பே உடைய அவரிடம் நான்காவதும் வந்து சேர்ந்துவிட்டது.

முதியோர் இல்லம் ஒன்று நம் ஊர்கள் பலவற்றிலும் இருக்கக் கூடும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த மாணவர் எவரும், மருத்துவர் மேற்பார்வையில், அங்குள்ள சீட்டுகளைத் தெளிந்த தமிழில் எழுதிக் கொடுத்து உதவலாம். கற்ற மொழி ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறு யாது? உழைச்செல்வானை மருத்துவத்தின் நான்கிலொரு பங்காக வைத்துப் போற்றியது தமிழ். அப்பங்கினை அவர் செவ்வனே ஆற்றத் துணைநிற்பது தமிழ் கற்ற நம் கடனாகும்.